இருபத்தொரு நாள் குப்பை

— கத்தாதீங்க டீச்சர்! கதவுதானே போச்சு? நீங்க உயிரோட இருக்கீங்க, எனக்கு அது போதும்.

— நான் உயிரோட இல்லைன்னு உங்ககிட்ட யார் சொன்னது, லாய்? மொட்டைமாடியில செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இறங்கி வர்றேன், என் வீட்டுக் கதவு படுத்துக் கிடக்குது. அதுக்கு மேல நீங்க படுத்துக் கிடக்குறீங்க!

— தோளால ஒரே இடிதான் இடிச்சேன். இவ்வளவு லேசா விழும்னு யாருக்குத் தெரியும்? ஐயோ, கடல் தெய்வமே, மாசூ தாயே, என் தோள்பட்டை...

— முப்பது வருஷம் பஸ் ஓட்டின டிரைவருக்கு பிரேக் போடத் தெரியல. வாசல்ல காலிங்பெல் இருக்கே, அதை அமுக்குனா என்ன?

— அமுக்குனேன். நேத்தும் அமுக்குனேன், முந்தாநாளும் அமுக்குனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு.

— ஆறு மணிக்கு நான் மாடியிலதானே இருப்பேன்.

— அதெப்படி? ஆறு மணிக்குத்தானே குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கிட்டு வரும்? சந்துல இருக்குற அத்தனை பேரும் பையும் கையுமா நிக்கிறோம். உங்களை மட்டும் இருபத்தொரு நாளாக் காணோம். மனுஷன் சாப்பிட்டா குப்பை வரும். குப்பை வரலைன்னா நான் என்னன்னு நினைக்கிறது? நூடுல்ஸ் கடை அம்மா, ‘டீச்சர் தைப்பேயில மகன் வீட்டுக்குப் போயிருப்பாங்க’ன்னு சொன்னாங்க.

— எனக்கு ஏது மகன்?

— அதைத்தான் நானும் கேட்டேன்! மனசு கேக்கல டீச்சர். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. ஊதுபத்திகூட வாங்கி வெச்சுட்டேன்.

— எனக்கா?

— கோவிச்சுக்காதீங்க. நல்ல சந்தன ஊதுபத்திதான்.

— ரொம்ப சந்தோஷம். எந்திரிச்சு அந்த நாற்காலியில உக்காருங்க. இந்தாங்க ஐஸ், தோள்ல வெச்சு அழுத்திப் பிடிங்க.

— அப்போ இத்தனை நாள் குப்பை எங்கே? தொட்டியையே காணோமே?

— தொட்டி மாடியில இருக்கு. அதுல மல்லி விதைச்சிருக்கேன். காய்கறித் தோலெல்லாம் செடிக்கு உரம். மிச்சம் அந்த ஜன்னல் ஓரத்துல இருக்கு பாருங்க, நீலப் பூப்போட்ட கோப்பை.

— டீ குடிக்கிற கோப்பையா? இதுல ரெண்டு ரப்பர் பேண்டு இருக்கு, மாத்திரை அட்டை இருக்கு, என்னவோ ஒரு ஸ்டிக்கர்...

— அதுதான் இருபத்தொரு நாள் குப்பை.

— இருங்க டீச்சர், ஒரு தடவை நல்லாப் பாத்துக்கறேன். மாசூ தாயே! ஒரு கோப்பைகூட ரொம்பலையே! கை பாருங்க, எப்படிச் சிலிர்த்துப் போச்சுன்னு. தைனான் ஊர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு வீடு இருக்காது. எப்படி முடிஞ்சுது?

— பெரிய வித்தை ஒண்ணுமில்ல. அலமாரி இழுப்பறையைத் திறந்தேன், மூட முடியல. சிவப்புக் கோடு போட்ட பிளாஸ்டிக் பையா அடைஞ்சு கிடந்துச்சு. ஒவ்வொண்ணையும் முக்கோணமா மடிச்சு வேற வெச்சிருக்கேன், என்னமோ புதையல் மாதிரி. எனக்கே வெக்கமாப் போச்சு. மறுநாள் காலையில பாத்திரத்தோட மார்க்கெட்டுக்குப் போயிட்டேன்.

— டோஃபு?

— கிண்ணத்துல.

— மீன்? தண்ணி சொட்டுமே?

— மூடி போட்ட டப்பா. முதல் நாள் மீன்காரர் என்னைப் பைத்தியம் மாதிரி பாத்தார். டப்பாவைக் கையில வாங்கி, அதை ஒரு பையில போட்டு, அந்தப் பையில மீனைப் போட்டார்!

— ஹாஹா! அவன் கை அப்படிப் பழகிடுச்சு, பாவம்.

— காய்க்காரம்மா கொசுறு வெங்காயத்தாளுக்கே தனியா ஒரு பை போடுவாங்க. அதை வேண்டாம்னு சொன்னா மனசு வருத்தப்படுறாங்க, கொசுறையே வேண்டாம்னு சொல்லிட்ட மாதிரி. பை வேண்டாம், கொசுறு வேணும்னு நாலு நாள் சொல்லிப் புரிய வெச்சேன். இப்ப என்ன நடக்குது தெரியுமா? எனக்குப் பின்னாடி அஞ்சாறு பேரு கிண்ணத்தோட நிக்கிறாங்க. ஒரு பையன் முட்டைக்கோசை ஸ்கூட்டர் ஹெல்மெட்டுல போட்டு வாங்கிட்டுப் போனான்.

— ஹெல்மெட்டுலயா! நிஜமாவா! டீச்சர், நீங்க சாதாரண ஆள் இல்ல.

— புகழ்ந்தது போதும். நாளையிலேருந்து நீங்களும் பை வாங்குறதை நிறுத்துங்க.

— நானா? எனக்கு அதெல்லாம் சரிப்படாது.

— ஏன் சரிப்படாது?

— நான் தனி ஆளு. எங்கிட்ட பாத்திரமும் இல்ல.

— சட்டி, பானை இல்லாமலா சமைக்கிறீங்க? அதோ, வண்டிப் பாட்டு கேக்குது. உங்க பை எங்கே? வாசல்லயே கிடக்கா? போய்ப் போட்டுட்டு வாங்க.

— போகட்டும் டீச்சர். இன்னிக்கு ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது.

— கொடுங்க, நானே போட்டுட்டு வர்றேன். என்ன இது, காத்து மாதிரி இருக்கு?

— அதைத் திறக்காதீங்க!

— பைக்குள்ள ஒரு பை. அதுக்குள்ள இன்னொரு பை. அதுக்குள்ள... லாய்!

— சொன்னேன்ல, திறக்காதீங்கன்னு.

— ஒரே ஒரு பல்குச்சி! ஒரு பல்குச்சிக்கு மூணு பையா? நான் இழுப்பறையைப் பாத்து வெக்கப்பட்டேன், நீங்க வெக்கமே இல்லாம... இதைத்தான் தினமும் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்களா?

— இன்னிக்கு வேற ஒண்ணும் தேறல. அதுக்காக வெறுங்கையோட நின்னா, ‘ஏன்பா நிக்கிறே’ன்னு கேப்பாங்களே.

— அதையேதான் நானும் கேக்குறேன். ஏன் நிக்கிறீங்க? நிமிர்ந்து பதில் சொல்லுங்க. என் கிளாஸ்ல இப்படித் தலையைக் குனிஞ்சுட்டு நின்னா விட மாட்டேன்.

— வண்டி வர பத்து நிமிஷம் ஆகும். நீங்க சீக்கிரமே இறங்கி வருவீங்க. மழை வருமான்னு கேப்பீங்க. கால் வலி எப்படி இருக்குன்னு கேப்பீங்க. வேற யாரும் என்னை ஒண்ணும் கேக்குறதில்ல டீச்சர்.

— நீங்க இந்தச் சந்துக்கு வந்த ஆறு வருஷமாவா?

— ஆறு வருஷமா. புதனும் ஞாயிறும் வண்டி வராது பாருங்க, அந்த ரெண்டு நாளைத் தள்ளுறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடும். இப்ப உங்க வீட்டுல குப்பையே இல்லைன்னு ஆயிடுச்சு. நான் சந்தோஷப்படணும். நிஜமா அதிசயமாத்தான் இருக்கு. ஆனா இனிமே நீங்க கீழ இறங்கி வரப்போறதில்லையே.

— கதவைத் தூக்கி நிறுத்துங்க.

— இதோ, நிறுத்திடறேன். நாளைக்கே தச்சரைக் கூட்டிட்டு வந்து...

— நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு, மூடி போட்ட பாத்திரம் ரெண்டு எடுத்துட்டு என் வாசல்ல நிக்கணும், சேர்ந்து போவோம். மார்க்கெட்டுக்குத் திங்கக்கிழமை மட்டும்தான் லீவு, லாய்.