தேவதாசன் ஐயா போட்டுவிட்ட ஈரத்துண்டு

மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர்களே, தேவதாசன் ஐயாவின் துணைவியார் சாரம்மாள் அம்மா அவர்களே, வார்டில் என்னோடு தங்கிய உறவுகளே, வணக்கம். நான் சுடலைக்கண்ணு. படித்து முடித்ததும் இந்தத் தாளை அம்மாவிடமே கொடுத்துவிடுவேன். எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. நான் எழுதப் பழகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரங்கல் கூட்டத்துக்குக் கழுத்தில் ஈரத்துண்டோடு வந்திருக்கிறானே என்றும் நினைக்கவேண்டாம். அதைப் போட்டுவிட்டவரே ஐயாதான்.

எங்களுக்கு வந்திருப்பது நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். உடம்பில் சூடேறினால் கால் இன்னும் துவண்டுபோகும். இது நம் ஊரில் யாருக்குத் தெரியும்? கால் விளங்கவில்லை என்றால் நொச்சியிலை போட்டு வெந்நீர் ஊற்றுவதுதானே நம் வழக்கம்? பாளையங்கோட்டை வார்டில் சேர்ந்த அன்றும் என் வீட்டுக்காரி அதைத்தான் செய்தாள். கைகால் பயிற்சி கொடுக்க வந்த ஐயா பார்த்துவிட்டார்.

"என்னம்மா, கிழங்கா அவிக்கிய? உங்க வீட்டுக்காரர் காலுல்லா அது."

"சூடு காட்டாம நரம்பு எப்படி சார் எந்திரிக்கும்?"

"நாளைக்குப் பச்சத்தண்ணி ஊத்திப் பாப்போம். இவரு நிக்கலேன்னா என்னய அவியுங்க."

மறுநாள் வெயில் ஏறுமுன் கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டார். கம்பியைப் பிடித்து நின்றேன். வீட்டுக்காரி காலுக்கு வைத்திருந்த வெந்நீரில் அழுக்குத்துணியை ஊறப்போட்டுவிட்டாள்.

நோயைத் தீர்ப்பேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "என்ன செய்ய ஆச அண்ணாச்சி?" என்றுதான் கேட்டார். குறுக்குத்துறையில் ஆற்றில் காலை விட்டு உட்காரவேண்டும் என்றேன். எழவும் உட்காரவும் படி இறங்கவும் அதற்காகவே பழக்கினார். ஒரு விடியலில் கூட்டியும் போனார். தாமிரபரணி முழங்காலைத் தொட்டபோது நான் சிரித்த சிரிப்பு எனக்கே இன்னும் கேட்கிறது.

விரலுக்குப் பயிற்சியாகப் பயறு பொறுக்கச் சொன்னார். சலித்துப்போய்த் தள்ளிவிட்டேன்.

"கையெழுத்துப் போடுவியளா?"

"கைநாட்டுதான் சார்."

"அப்ப விரலுக்கு வேல கெடச்சிட்டு."

அப்படித்தான் இந்த வயதில் எனக்கு எழுத்து வந்தது.

புதிதாக வருகிறவர்களின் வெந்நீரை அவரே வாசலில் நின்று தடுப்பார். இனி யார் தடுப்பது? போன வாரம் டார்லின் என்ற பெண் வந்து சேர்ந்தாள். அவள் அம்மா கையில் ஆவி பறக்கும் வாளி. "கிழங்கா அவிக்கிய?" என்று ஐயாவைப் போலவே கேட்டேன். "ஏன் தாத்தா, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கியளோ?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அன்று அந்தப் பிள்ளையால் எழ முடியவில்லை.

என் பேச்சை யார் கேட்பார்கள்? ஐயா பேச்சைக் கேட்பார்கள். அதனால் அடுத்த வாரம் வார்டின் குளியலறைக் கதவில் எழுதப்போகிறேன்: "வெந்நீர் வேண்டாம். சொன்னவர் தேவதாசன்." விடியலில் துண்டு நனைத்துக் கொடுக்க, நடக்க முடிந்த நாங்கள் எல்லோரும் வருவோம். கதவிலும் எழுத்து கோணலாகத்தான் வரும். வாளியோடு வருகிறவர்கள் அதைப் படிக்கக் கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கும். நிற்கட்டும்.