பிரின்சிபால் கேட்ட கையெழுத்து

குறிஞ்சிப்பாடியிலிருந்து நெய்வேலிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஐம்பதை நெருங்கும் கண்ணாடி போட்ட அம்மா சட்டென்று குரலை உயர்த்தினார்.

“புருஷன்கிட்ட கையெழுத்து வாங்கினு வாங்கன்னு சொல்றாருடி எங்க பிரின்சிபால்!”

“எதுக்குக்கா?” என்றார் இளையவர்.

“ஜெர்மனியில ஒரு யுனிவர்சிட்டி என்னை ரெண்டு வருஷம் ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கு. அனுபவம் உள்ளவங்களுக்குன்னே குடுக்கிற ஃபெலோஷிப். சுரங்கத்துல தோண்டிக் கொட்டின மண்ணுல திரும்பப் பயிர் வைக்கிறதைப் பத்தி இருபது வருஷமா எழுதிகினு இருக்கேன். அதைப் படிச்சிட்டுதான் கூப்பிட்டாங்க. காலேஜ்ல லீவு குடுத்தா போதும். வூட்டுக்காரர் சம்மதம் இல்லாம குடுக்க மாட்டாராம்.”

“அண்ணன் போட மாட்டேன்னுட்டாரா?”

“அவரு கையெழுத்துப் போடப் பேனாவையே எடுத்துட்டாரு. நான்தான் பேப்பரைப் பிடுங்கிட்டேன். போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சார் ஜப்பான் போனாரே, அவரு பொண்டாட்டிகிட்ட யாராவது கையெழுத்து கேட்டாங்களா?”

“அப்புறம்?”

“அதையே பிரின்சிபால்கிட்ட கேட்டேன். ரூல்னாரு. அந்த ரூலை எழுதிக் குடுங்க, இல்லன்னா லீவைக் குடுங்கன்னு அவரு ரூம்லயே உக்காந்துகினேன். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கலை.”

“குடுத்தாரா?”

“லீவைத்தான் குடுத்தாரு. குடுத்துட்டு, ‘ரெண்டு வருஷம் வூட்ல சமையலுக்கு என்னம்மா பண்ணுவாங்க’ன்னு கேக்குறாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம்!”

“என்ன சொன்னீங்க?”

“‘நெல்லு வெளையறதுக்கு வழி பாக்கத்தான் சார் நான் போறேன். ஆக்கித் திங்கிறதை நீங்கள்லாம் கத்துக்கங்க’ன்னேன்.”