அறுபத்தொண்ணாம் ஏரியாவின் ரவுண்டானா

மசம்பா: ...எழுதிக்கோங்க தம்பி. 'மனிதன் நகரங்களைக் கட்டினான் என்பது வரலாறு. ஆனால் மனிதனையே கட்டி எழுப்பிய நகர்ப்பகுதி ஒன்று உண்டென்றால், அது மலாவியின் தலைநகர் லிலோங்வேயின் ஏரியா அறுபத்தொன்று மட்டுமே.' எழுதிட்டீங்களா?

லுஹங்கா: 'மட்டுமே' வரைக்கும் வந்துட்டேன் ஐயா.

எலூபி: அப்படியே 'முன்வாசக் கதவு திறக்காது, பின்பக்கமா சுத்தி வரணும்'னும் எழுதிக்கோ தம்பி. அடுத்து வர்றவங்க உன்னை மாதிரி தட்டிக்கிட்டே நிக்க வேண்டாம்.

மசம்பா: எலூபி, பேட்டி நடக்குது.

எலூபி: நான் என்ன பேட்டியையா தடுத்தேன்? கதவைச் சொன்னேன்.

மசம்பா: மழையில மரம் ஊதிப்போச்சு. அது கதவோட தப்பு, ஏரியாவோட தப்பில்ல. தம்பி, இது என் சம்சாரம். எலூபி, இவர் லுஹங்கா. தலைநகர் ஆண்டு மலருக்கு நம்ம ஏரியாவைப் பத்திக் கட்டுரை எழுத வந்திருக்கார். 'இவ்வாறு குடியிருப்போர் சங்கத் தலைவர் மசம்பா கூறினார்'னு கடைசியில வரணும் தம்பி. முதல்லயும் வரலாம்.

லுஹங்கா: போட்டுடறேன் ஐயா. ஆனா உங்க ஏரியாவைக் கண்டுபிடிக்கத்தான் பெரும்பாடாப் போச்சு. சுத்திச் சுத்தி வந்தேன். ஒன்பதைத் தாண்டினா பத்து வரும்னு பார்த்தா அறுபத்தொண்ணு வருது. அறுபத்தொண்ணைத் தாண்டினா இருபத்தேழு.

மசம்பா: எந்த வரிசையில திட்டம் போட்டாங்களோ அந்த வரிசையில நம்பர். அடுத்தடுத்து இருக்கணும்னு என்ன கட்டாயம்? உங்க வீட்டுல மூத்தவன் பக்கத்துலதான் ரெண்டாவது படுக்குதா?

லுஹங்கா: இல்லீங்க... கடைக்குட்டிதான் நடுவுல வந்து...

மசம்பா: அவ்வளவுதான். திட்டம்னா திட்டம். அடுத்து எழுதுங்க. 'இங்கே நூலகம் உண்டு.'

எலூபி: எங்க?

மசம்பா: வரைபடத்துல.

எலூபி: அந்த இடத்துல பீர்க்கடை இருக்கே.

மசம்பா: அங்கயும் படிக்கத்தான் செய்யறாங்க.

எலூபி: பீர் அட்டைப்பெட்டி மேல அச்சடிச்சதை.

மசம்பா: எழுத்துன்னா எழுத்துதான். 'பூங்கா உண்டு. அதில் உயிரினங்கள் சுதந்திரமாக உலவும்.'

எலூபி: ஆட்டைச் சொல்றார் தம்பி.

மசம்பா: 'வெளிநாட்டுத் தூதர்கள் தங்கிச் செல்லும் பகுதி.'

லுஹங்கா: தூதரா? எந்த நாடு ஐயா?

எலூபி: நாடெல்லாம் யாரு கேட்டா? டயர் வெடிச்சு நம்ம மாமரத்தடியில நின்னார். வெயில்ல தக்காளி மாதிரி சிவந்து போயிட்டார், பாவம். நான்தான் தண்ணி குடுத்தேன்.

மசம்பா: தங்கினாரா, இல்லையா?

எலூபி: தங்கினார். வேற டயர் வர்ற வரைக்கும்.

மசம்பா: எழுதிக்கோங்க.

எலூபி: கையைக் கொஞ்சம் ஓரமா வை தம்பி. சோளம் அவிச்சிருக்கேன். சூடா இருக்கறப்பவே கடி.

லுஹங்கா: ஆகா, பச்சைச் சோளம்... அம்மா, இது என்ன, ஆரஞ்சு நிறமா இருக்கு?

எலூபி: வெள்ளையும் இருக்கு, அடியில பாரு. ஆரஞ்சு கொஞ்சம் இனிப்பா இருக்கும்.

லுஹங்கா: இந்தப் பக்கம் எல்லாரும் வெள்ளைதானே போடுவாங்க. இதை எங்க வாங்கினீங்க?

மசம்பா: வாங்கறதா? ஜனங்க குடுத்தது. தலைவர்னு ஒரு மரியாதை இருக்கில்ல. அதை விடுங்க, தார் ரோட்டுக்கு வாங்க. உங்க மலர்ல எது 'அழகான ஏரியா'ன்னு வருதோ, அதுக்குத்தான் இந்த வருஷம் தார் ரோடு. விழாக் கமிட்டியில அப்படித்தானே பேச்சு?

லுஹங்கா: அப்படித்தான் ஐயா. ஒரே ஒரு ஏரியாவுக்குத்தான். உங்களுக்கும் இருபத்தேழுக்கும்தான் போட்டி.

மசம்பா: எங்களுக்குக் கிடைச்சே ஆகணும் தம்பி. இதுல நான் விளையாட்டுக்குப் பேசல. போன மழையில பிரசவத்துக்குக் கிளம்பின பொண்ணு, வண்டி சேத்துல புதைஞ்சு, வண்டியிலயே பெத்துட்டா. பிள்ளைக்கு மத்தோபேன்னு பேர் வச்சுட்டாங்க. சேறுன்னு. நான் அந்தத் தெருவுல போறப்பெல்லாம் அவங்கம்மா வேணும்னே உரக்கக் கூப்பிடறா. 'சேறு! ஏய் சேறு! தலைவர் வர்றார் பாரு!'

லுஹங்கா: புரியுது ஐயா. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ரவுண்டானா.

மசம்பா: எங்க ஏரியாவோட மகுடம் அது! நடுவுல நீரூற்று வரப்போகுது. வரைபடத்துல இப்பவே வந்தாச்சு.

லுஹங்கா: இப்ப நடுவுல ஆள் உயரத்துக்குச் சோளம் நிக்குதே.

எலூபி: உப்பு வேணுமா தம்பி?

லுஹங்கா: வேண்டாம்மா. யாரு ஐயா போட்டது?

மசம்பா: யாரும் போடல. தானா முளைச்சது. பறவை எச்சம்.

லுஹங்கா: மண் அணைச்சு, வரிசை வரிசையா முளைச்சிருக்கே.

மசம்பா: திட்டமிட்ட நகரம் தம்பி. பறவைக்கும் பழகிப்போச்சு.

லுஹங்கா: உரம்கூடப் போட்டிருக்கு.

மசம்பா: எச்சம்னு சொன்னேனே!

லுஹங்கா: சரிதான்...

மசம்பா: பாருங்க, தலைநகர்ல சோளம் போடறதை முதல் ஆளா எதிர்க்கிறவன் நான். ஒவ்வொரு கூட்டத்துலயும் அதைத்தான் பேசறேன். தலைநகர்னா தலைநகர் மாதிரி இருக்கணும். ரோட்டோரம் சோளம், பாலத்தடியில சோளம்... என்ன இது? வர்றவன் என்ன நினைப்பான்?

லுஹங்கா: மசம்பான்னா நம்ம பேச்சுல கீரைன்னுதானே ஐயா அர்த்தம்?

மசம்பா: பேர் எங்க அப்பா வச்சது. கொள்கை நான் வச்சது.

லுஹங்கா: அப்ப வெட்டிடலாம். கமிட்டியில சொல்லி திங்கக்கிழமையே ஆள் அனுப்பச் சொல்லிடறேன்.

எலூபி: திங்கக்கிழமையா? இன்னும் ரெண்டு வாரம் விட்டா...

மசம்பா: உனக்கென்ன?

எலூபி: எனக்கென்ன. யாரோ பாவம், போட்டிருக்காங்க. மணி பிடிக்கிற நேரம். அறுப்பு வர்ற வரைக்கும் மாவு என்ன விலை விக்குதுன்னு தலைவருக்குத் தெரியுமா? கொள்கையைக் கிண்டினா நிசிமாக் களி ஆகுமா?

லுஹங்கா: எனக்கும் மனசு வரலம்மா. அதுலயும் மேக்கால பாதி எவ்வளவு அருமையா வந்திருக்கு! கிழக்கால பாதிதான் யாரோ சோம்பேறி. முழங்கால் அளவு புல்லு.

எலூபி: யாரு சோம்பேறி? கிழக்கால மூணு தடவை களை எடுத்தாச்சு! போன வாரம் பெஞ்ச மழைக்கு வந்த புல்லு அது!

மசம்பா: எலூபி. கிழக்கால யாரு களை எடுத்தா?

எலூபி: பறவை.

மசம்பா: எலூபி!

எலூபி: நான்தான். போதுமா? கத்தாதீங்க, அக்கம்பக்கம் கேக்கும்.

மசம்பா: எப்ப? நான் எந்நேரமும் வீட்டுலதானே இருக்கேன்!

எலூபி: கூட்டத்துக்குப் போவீங்களே. நீங்க சோளத்தை எதிர்த்துப் பேசி முடிக்கறதுக்குள்ள நாலு வரிசை கொத்திடலாம். சுதந்திர தினத்துக்கு என்ன பேசறதுன்னு விவாதம் பண்ணீங்களே, அன்னிக்கு உரமும் போட்டேன்.

மசம்பா: தம்பி... இதை எழுத வேண்டாம்.

எலூபி: எழுதட்டுமே. கூடவே மேக்கால பாதிக்காரன் யாருன்னும் எழுதட்டும். திருட்டுப் பய. முத்தின கதிராப் பார்த்து என் பக்கத்துல உடைச்சுட்டுப் போறான்.

லுஹங்கா: அவனா? கிழக்கால பாதிக்காரங்கதானே மேக்கால வந்து திருடறாங்க!

எலூபி: உனக்கு எப்படித் தெரியும்?

லுஹங்கா: ...ஊர்ல பேசிக்கிட்டாங்க.

எலூபி: ஊர்ல ஒருத்தரும் அவனைப் பார்த்ததில்லையே தம்பி. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சர்ச்சுல இருக்கறப்ப வந்து கொத்திட்டுப் போயிடறான். திங்கக்கிழமை மண்ணு ஈரமாப் புரண்டு கிடக்கும், அதை வச்சு நான் கண்டுபிடிச்சது. ஆமா... நீ எந்த சர்ச்சு?

லுஹங்கா: சோளம் ரொம்ப நல்லா வெந்திருக்கும்மா.

எலூபி: எந்த சர்ச்சுன்னு கேட்டேன்.

லுஹங்கா: ...மேக்கால பாதி என்னோடதுதான்.

மசம்பா: உங்களோடதா! ஆண்டு மலர் எழுதற கையா மண்வெட்டி புடிச்சுது?

லுஹங்கா: நான் ஒன்பதுல குடியிருக்கேன் ஐயா. வீட்டுக்காரர் முற்றம் பூரா சிமெண்டு போட்டுட்டார். தினமும் மினிபஸ் இந்த ரவுண்டானாவைச் சுத்தித்தான் போகுது. நல்ல கரிசல்... சும்மா கிடந்துச்சு. பார்த்துக்கிட்டே எத்தனை நாள்தான் போறது?

எலூபி: வழி தெரியாம சுத்திச் சுத்தி வந்தேன்னு சொன்னியே!

லுஹங்கா: சுத்தினது நிஜம்தாம்மா. ரவுண்டானாவை.

மசம்பா: அப்ப நீங்க பேட்டிக்கு வரல?

லுஹங்கா: பேட்டிக்கும்தான் வந்தேன். கட்டுரை நான்தான் எழுதப்போறேன், அதுல பொய்யில்ல. ஆனா என் கதிரைத் திருடறது யாருன்னு தெரிஞ்சாகணும். இந்த வட்டாரத்துல ஆரஞ்சு விதை போட்டவன் நான் ஒருத்தன்தான். முதல் கடியிலயே தெரிஞ்சுபோச்சு. என் சோளத்தை எனக்கே விருந்து வச்சிருக்கீங்க.

எலூபி: அய்யய்யோ, நான் தொடலப்பா! ஜனங்க குடுத்ததுன்னு இவர்தான் கொண்டு வந்தார்... இரு, இரு. அப்ப இந்த வெள்ளைக் கதிர்?

லுஹங்கா: உங்களோடதா இருக்கும்.

எலூபி: என் கதிரை நானே அவிச்சு, நானே தின்னுட்டு, 'நம்ம ஜனங்க மனசே மனசு'ன்னு வேற சொல்லிக்கிட்டிருந்தேனே! யாருங்க அது, உங்களுக்குக் கொண்டுவந்து குடுத்தது?

மசம்பா: ஜனங்கன்னா... பொதுவா ஜனங்க.

லுஹங்கா: ஒரே ஆள்தாம்மா. தோலை லேசா விலக்கி நகத்தால கீறிப் பார்க்கறான். இளசா இருந்தா மறுபடி மூடி வச்சிடறான்.

எலூபி: ஆமா! மூடறதும் எப்படி? பிள்ளைக்குப் போர்வை போத்தற மாதிரி. தட்டையை ஒடிக்கறதுகூட இல்ல.

மசம்பா: பார்த்தீங்களா! எங்க ஏரியாவுல திருடன்கூட எவ்வளவு ஒழுங்கு! எழுதிக்கோங்க தம்பி!

லுஹங்கா: ஐயா...

மசம்பா: இல்ல, சும்மா சொன்னேன்.

லுஹங்கா: சரி, நான் ஒண்ணு சொல்றேன். 'சோளக்காடு'ன்னு எழுதினா ரோடு இருபத்தேழுக்குப் போயிடும். சோளத்தையும் வெட்டிடுவாங்க. யாருக்கு லாபம்? அதனால 'நடுவே ஒரு பசுமை வட்டம்'னு எழுதறேன். தூரத்துல நின்னு ஒரு போட்டோ. ரோடு உங்களுக்கு, அறுப்பு எங்க ரெண்டு பேருக்கும்.

எலூபி: பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளை.

மசம்பா: பசுமை வட்டம்... பசுமை வட்டம்... வரைபடத்துல இருந்த மாதிரியே இருக்கு. எழுதுங்க, எழுதுங்க!

லுஹங்கா: எழுதறேன். ஆனா முதல்ல திருடன் பேர். இதே வேகத்துல போனான்னா அறுக்கறதுக்கு வெறும் தட்டைதான் மிஞ்சும். பேரைச் சொல்லுங்க, பேனாவைத் திறக்கறேன். சொல்லலியா, ரோடு இருபத்தேழுக்கு.

மசம்பா: குரங்கா இருக்கும்.

எலூபி: குரங்கு போர்வை போத்துமா?

மசம்பா: கழுதைப்புலி... போன மாசம் ஆத்தங்கரைப் பக்கம் சத்தம் கேட்டுச்சே.

லுஹங்கா: அது சோளம் தின்னாது ஐயா.

மசம்பா: பட்டணத்துக் கழுதைப்புலி எதையும் தின்னும். சரி... இருபத்தேழுக்காரன்! பொறாமை புடிச்சவனுங்க!

எலூபி: இருபத்தேழுல இருந்து வந்து, திருடி, நம்ம வீட்டுக்கே மரியாதை பண்ணுவானா? நீங்கதான் தினமும் விடியறதுக்கு முன்ன ஏரியாவைச் சுத்திப் பார்க்கப் போறீங்களே. ஒரு நாளாவது கண்ணுல படலியா?

மசம்பா: இருட்டு.

எலூபி: போறப்ப வெறுங்கையோடதான் போறீங்க.

மசம்பா: பனி வேற.

எலூபி: வர்றப்ப மரியாதையோட வர்றீங்க. அந்நேரத்துக்கு எந்த ஜனம் முழிச்சிருந்து உங்களுக்குக் குடுக்குது?

லுஹங்கா: ஐயா, பேனாவைத் திறக்கட்டுமா, பையில போட்டுக்கட்டுமா?

மசம்பா: திறங்க... திறங்க தம்பி. ஆனா இதை எழுதாதீங்க, கேட்டுக்கிட்டா போதும். ரவுண்டானாவுல இருக்கறது விதிமுறைக்குப் புறம்பான சோளம். தலைவர்ங்கற முறையில நான் அதை... அப்புறப்படுத்திட்டு வந்தேன்.

எலூபி: அப்புறப்படுத்தினீங்களா?

மசம்பா: படிப்படியா.

எலூபி: அதென்ன படிப்படியா?

மசம்பா: கோட்டுப் பையில ரெண்டு கதிருக்கு மேல கொள்ளாது.