தடம் படாத முற்றம்

பனியை வரைவது சுலபம், ஐயா. வரையாமல் விட்டால் போதும். கூரையையும் மரத்தையும் மையால் தீட்டிவிட்டு மிச்சத் தாளைத் தொடாமல் இருந்தால், அதுவே பனியாகிவிடும். நாற்பது வருடமாக நான் செய்துவந்தது அவ்வளவுதான்.

எதிர்வீட்டு மொரியாசு நல்லவர். நான் தனியாக இருப்பவள் என்று, குளிர்காலம் முழுக்க விடிந்ததும் தன் வாசலிலிருந்து என் வாசல்வரை பனியை மிதித்துப் பாதை போட்டுவிடுவார். நான் வரைய வேண்டியிருந்தது அந்த முற்றத்தைத்தான். மிதிக்காதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

“நீங்க வழுக்கி விழுந்தா ஊரு என்னைத்தானக்கா கேக்கும்? பனிய வரையறது நீங்க, மிதிக்கறது நானு. நல்லா இருக்கு நியாயம்,” என்பார்.

எனக்கும் சிரிப்பு வரும். பதினோரு குளிர்காலம் சிரித்தேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதி, பாதை போடுவதற்கு முன்பே, மண்வாரியோடு தன் வீட்டுக் கூரைப் பனியைத் தள்ள ஏறினார். எங்கள் ஊரில் ஒருவர் கூரையில் ஏறினால் இன்னொருவர் கீழே காவல் இருக்க வேண்டும். மனைவி சிசுகோ டவுனுக்குப் போயிருந்தாள். தன் வாசலில் நின்றே எனக்குக் குரல் கொடுத்தார்.

“ஜன்னல்லேர்ந்து பாத்தா போதுங்க்கா. கண்ண மட்டும் எடுத்துடாதீங்க.”

நான் எடுக்கவில்லை.

பாதிக் கூரை முடிந்தபோது மிச்சப் பனி மொத்தமாகச் சரிந்து அவரையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. பெரிய சத்தமில்லை. அவர் ஏணிக்கு நடந்த தடத்தையும் அதுவே மூடிவிட்டது. முற்றம் முழுக்க வெள்ளை. ஓரமாக ஒரு மேடு, அதில் மண்வாரியின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. கூரையின் சாய்வுக்கு அது சரியான எதிர்க்கோடு. கொஞ்ச நேரம் அசைந்தது. அசைகிற பொருளை நான் வரைவதில்லை. காத்திருந்தேன்.

போய்த் தோண்டியிருக்கலாம். முப்பது எட்டு வைத்தால் போதும். ஆனால் முப்பது தடம் விழுந்திருக்கும்.

ஐம்பது நிமிடத்தில் படம் முடிந்தது. உடனே தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டேன், துளியும் தாமதிக்கவில்லை. அவர்கள் மிதித்ததில் முற்றம் சேறாகிவிட்டது. “தோண்டிப் பார்த்தேன், முடியவில்லை” என்று அவர்களிடம் சொல்லிவைத்தேன். சிசுகோ என் கைகளைப் பிடித்துக்கொண்டு, “இந்தக் குளிர்ல வெறுங்கையால தோண்டினீங்களாக்கா,” என்று அழுதாள். விரல்களில் மை கறுத்திருந்தது. பனி கடித்துவிட்டதென்று நினைத்துவிட்டாள், பாவம்.

படத்தை இந்த வருடக் கண்காட்சியில் வைத்தேன். நன்றாக வந்ததை ஒளித்துவைப்பது எனக்குப் பிடிக்காது. சிசுகோவும் வந்திருந்தாள். பாதி தள்ளிய கூரையையும் மேட்டையும் அந்தப் பிடியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்க வீட்டுலேர்ந்து ஒரு தடங்கூட இல்லியேக்கா,” என்றாள்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம் வந்ததாகச் சொல்கிறீர்கள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. இத்தனை வருடத்தில் என் பனியை அவ்வளவு கவனமாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.