சத்தத்தோடு ஓடிய ஆபரேஷன் வீடியோ

என் பெயர் அன்பு, வயது 26, தகப்பனார் பெயர் மாது. அதியமான்கோட்டை பள்ளிக்கூடத் தெருவில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன் படிப்பு முடித்து, தர்மபுரியில் டாக்டர் மதியழகன் நடத்தும் தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். குடலிறக்க ஆபரேஷனில் வயிற்றுக்குள் விடும் கேமராவைப் பிடிப்பது என் வேலை.

டாக்டர் அந்த ஆபரேஷன்களை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில், யார் என்ன செய்தார்கள் என்ற பகுதியில், "வீடியோ பதிவு: ரஞ்சித்குமார்" என்று இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. ரஞ்சித்குமார் என்னோடு படித்தவன், கம்ப்யூட்டர் அறையில் இருப்பவன், தியேட்டருக்குள் வந்ததே கிடையாது. வீடியோவில் சத்தத்தை நீக்கி அம்புக்குறி போட்டது மட்டும்தான் அவன் வேலை. அதன் பிறகு அவன் கட்டுரையின் முதல் பக்கத்தை ஃப்ரேம் போட்டு மேசையில் வைத்தான். நான் கேட்டதற்கு, "கேமரா புடிக்கறவன் எந்தப் படத்துலடா தெரிஞ்சிருக்கான்?" என்று சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து கேண்டீனில் அவன் உட்காரும் பக்கம் நான் உட்காருவதில்லை.

அதன் பிறகு, சென்ற ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் ஹாலில் நடந்த மருத்துவர்கள் கூட்டத்தில் டாக்டர் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசினார். லேப்டாப்பை இயக்க என்னை உட்காரவைத்திருந்ததால், ரஞ்சித்குமாரின் வீடியோவுக்குப் பதிலாக, என் பென்டிரைவில் இருந்த சத்தம் நீக்காத வீடியோவைப் போட்டேன். அதில் டாக்டர், "அன்பு, உன் கை ஆடவே மாட்டேங்குதுடா. பேப்பர்ல உன் பேரு இல்லாம வுட மாட்டேன்" என்று சொல்வது பதிவாகியிருக்கிறது. அதை முன்வரிசையில் இருந்த ரஞ்சித்குமார் எல்லோர் மத்தியிலும் கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம். வேறு நோக்கம் இல்லை.

ஆனால் அதற்கு முன்பாகவே, குடலிறக்கத்துக்கு வைக்கும் வலையை விற்கும் கம்பெனிக்காரர் தியேட்டரில் நின்று, "பெரிய வலையாவே போட்டுருங்க சார், எல்லாமே எங்க கம்பெனி சும்மா குடுக்கறதுதானுங்களே" என்று சொன்னது ஒலித்தது. கட்டுரையிலோ எந்தக் கம்பெனியின் உதவியும் பெறவில்லை என்று அச்சாகியிருக்கிறது. ஒரு டாக்டரம்மா எழுந்து, "அப்ப வலை யாருங்க குடுத்தது?" என்று கேட்டார். டாக்டர் மேடையிலிருந்து இறங்கிவந்து லேப்டாப்பை மூடிவிட்டார். என் பெயர் வர இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

அதன் பிறகு நான் வீடியோவைத் திருடியதாக டாக்டர் புகார் கொடுத்துள்ளார். அந்த வீடியோவை எடுத்ததே நான். புகாரிலும் அதை எடுத்தவர் ரஞ்சித்குமார் என்றே எழுதியிருப்பதைக் காவல் ஆய்வாளர் படித்துக் காட்டினார்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன், உண்மையாகவும் சரியாகவும் இருக்கிறது. சொன்னது நான். தட்டச்சு செய்தது காவலர் சாலம்மாள், அவர் பெயரையும் போடச் சொன்னேன். இதற்கு யாரும் பணம் கொடுக்கவில்லை.

(ஒப்பம்)
மா. அன்பு