நாலு சுவரும் ஒரு கூரையும்

– கூரையை விடும் வினோ, முதல் சுவரைப் போடும்! சுவர், சுவர்! சுடுறான்!

– போட்டிட்டன், போட்டிட்டன்.

– உது சுவரில்லையப்பா, பிறகும் கூரைதான். தலைக்கு மேல மட்டும் பலகை நிக்குது, நாலு பக்கமும் ஆவெண்டு திறந்து கிடக்கு. சரி, முடிஞ்சுது.

– நான் செத்திட்டனோ?

– ஓம். உம்மைத் தூக்க வந்து நானும் செத்தன்.

– பரவாயில்லை, ஒண்டாத்தானே செத்தனாங்கள். மூண்டு வருசத்தில நாங்கள் சோடியாச் செய்த முதல் காரியம்.

– பகிடி விடாதையும். ஒரு மாசமாப் பழக்கிறன். உலகத்தில எல்லாரும் முதல் சுவர்தான் கட்டுவினம். நீர் மட்டும் ஏன் முதல் கூரையைப் போடுறீர்?

– எனக்குத் தெரியேல்லை. வெடிச்சத்தம் கேட்டவுடன கை தன்ரபாட்டில கூரைக்குப் போகுது. சின்னனில சண்டைக்குள்ள மேலால வந்த குண்டுக்குத்தானே பயந்தனாங்கள். பக்கத்தால ஆர் வந்தவை?

– ம். அது வேற, இது வேற. இஞ்ச பக்கத்தாலதான் வருவாங்கள். சரி, இன்னொருக்காப் போவம். ரெடியை அமத்தும். இண்டைக்குச் சிக்னல் நல்லாக் கிடக்கு, எங்க இருந்து விளையாடுறீர்?

– வெளியால. வேலிக்கரையில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறன்.

– அச்சா. குதியும். என்ர பக்கத்திலயே இறங்கும். இறங்கினவுடன முதல் வேலை என்ன?

– கோடாலி.

– கெட்டிக்காரி. கோடாலியால மரத்தைக் கொத்தும். மரம் சேராமல் ஒரு பலகையும் கட்டேலாது.

– இஞ்சருங்கோ, கொத்திக்கொண்டே ஒண்டு கேக்கட்டே?

– கேளும்.

– முன்பள்ளியால கௌசலா ரீச்சர் திரும்பவும் வந்தவா. வேலைக்குத் திரும்பி வாறனோ எண்டு திங்கட்கிழமைக்குள்ள நான் பதில் சொல்லவேணுமாம். இல்லாட்டி வேற பிள்ளையை எடுக்கப்போறாவாம்.

– அம்மா என்ன சொல்லுறா?

– மாமிக்கு ஒரே பாட்டுத்தானே. 'என்ர கிருசாந்தன் இண்டைக்கோ நாளைக்கோ கூப்பிட்டிடுவான், பிரான்சுக்குப் போற பிள்ளைக்கு மல்லாவியில என்னத்துக்கு வேலை' எண்டுறா. கலியாண எழுத்து முடிஞ்சு நாலாம் மாசம் நீங்கள் வெளிக்கிட்டனீங்கள். அண்டைக்கு விட்ட வேலை. கடைக்குப் போனால் 'இன்னும் போகேல்லையோ' எண்டு கேக்கினம். கோயிலுக்குப் போனால் ஐயரும் அதைத்தான் கேக்கிறார். இப்ப நான் வீட்டுப் படலைக்கு அங்கால போறதே குறைவு. எனக்கு மூச்சு முட்டுதப்பா.

– கொஞ்சம் பொறும் வினோ. சித்திரைக்குள்ள அலுவல் முடிஞ்சிடும்.

– போன சித்திரைக்கும் உதைத்தான் சொன்னனீங்கள்.

– அது அப்ப. இப்ப பேப்பரெல்லாம் குடுத்தாச்சு... ஆள் வாறான்! வலப்பக்கம்! முன்னுக்கொரு சுவர், பின்னுக்கொரு சுவர், பக்கத்தில ரெண்டு. கெதியா, கெதியா! இப்பதான் கூரை!

– போட்டிட்டன்! நாலு சுவரும் கூரையும் போட்டிட்டன்!

– பாத்தீரே! சிம்பிள். இனி ஒரு குண்டும் உள்ளுக்க வராது.

– வெளியால ஒண்டும் தெரியேல்லையே.

– தெரியத் தேவையில்லை. கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருந்தால் ஆளில்லை எண்டு நினைச்சு அவன் போயிடுவான்.

– நீங்கள் எங்க?

– நானும் எனக்கொரு பெட்டி கட்டிப்போட்டு இருக்கிறன். உம்மட பெட்டியோட ஒட்டித்தான். நடுவில ஒரு சுவர்.

– எவ்வளவு நேரம் இப்பிடி இருக்கலாம்?

– வட்டம் சுருங்கும்வரைக்கும்தான். பிறகு புயல் வந்திடும். புயல் வந்தாப்பிறகும் பெட்டிக்குள்ள குந்திக்கொண்டு இருந்தீரெண்டால் ஒருத்தரும் சுடத் தேவையில்லை, தன்ரபாட்டில சாகிறதுதான். எழும்பிப் பாதுகாப்பு வட்டத்துக்குள்ள ஓடவேணும்.

– உந்தச் சொல்லு மட்டும் எனக்கு வேண்டாம். பத்து வயசில அம்மான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஆமி சொன்ன 'பாதுகாப்பு வலயத்துக்குள்ள' ஓடினது காணும்.

– சரி, சரி. வெள்ளை வட்டம் எண்டுவம்.

– அப்ப எப்பிடி வெளியால போறது? நாலு பக்கமும் அடைச்சிட்டமே.

– அதுதான் இண்டைக்குப் பாடம். சுவரைப் பாத்துக்கொண்டு எடிட் பட்டனை அமத்தும். ஒன்பது கட்டம் வரும். நடுக்கட்டத்தையும் அதுக்குக் கீழ இருக்கிறதையும் தொட்டு அழியும். திரும்ப ஒருக்கா அமத்தும்.

– ஐயோ, கதவு! கதவு வந்திட்டுது!

– ஏன் கத்துறீர், காது வெடிக்குது. இப்ப கேளும். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே அணி. நான் கட்டின சுவரையும் நீர் திறக்கலாம், நீர் கட்டினதை நானும் திறக்கலாம். வேற ஆக்கள் போட்ட சுவர் எங்களுக்குத் திறபடாது. அதுக்கு என்ன செய்யவேணும்?

– கோடாலியால உடைக்கவேணும்.

– உடைக்கேக்க நான் என்ன சொல்லுவன்?

– 'தள்ளி நில்லும் வினோ' எண்டுவீங்கள். ஒருநாளும் என்னை உடைக்க விட்டதில்லை.

– நீர் ஓங்கிறதுக்கிடையில சண்டை முடிஞ்சிடுமப்பா. உதென்ன, பாட்டுச் சத்தம் மாதிரிக் கேக்குது?

– பாண் விக்க வாற ஓட்டோ. நாலு மணி ஆகுதெல்லே. எனக்கு உங்கட பக்கத்தாலயும் கேக்குது.

– அது எக்கோ. உம்மட மைக்கால வாறது என்ர போனில பட்டுத் திரும்ப அடிக்குது.

– ஓ. எக்கோவோ.

– ஓமோம். சிம்பிள்.

– அங்க இன்னும் குளிரோ?

– பயங்கரக் குளிர். விடிய பேக்கரி வேலையால வந்தனான், ஹீட்டரைப் போட்டிட்டுப் போர்வைக்குள்ள கிடக்கிறன்.

– ஃபான் சுத்துற மாதிரி ஒரு சத்தம் வருது.

– ஹீட்டர்தான். உமக்கு இண்டைக்கு என்ன, சுவரைப் பாக்காமல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறீர்?

– ஆறு மாசமாச் சத்தத்தைத் தவிர எனக்கு வேற என்ன இருக்கு? வீடியோ கோல் எடுத்தால் கமரா உடைஞ்சிட்டுது எண்டீங்கள். வேற போன் வாங்குங்கோ எண்டால் பிறகு எண்டீங்கள். போன மாசம் இந்த விளையாட்டைப் போடும், விளையாடிக்கொண்டே கதைப்பம் எண்டீங்கள். நான் உதைப் பழகினது சண்டை பிடிக்கிறதுக்கில்லை. உங்கட குரலைக் கேக்கிறதுக்கு.

– எனக்கு விளங்குது வினோ.

– விளங்கினால் ஒரு பதிலைச் சொல்லுங்கோ. திங்கட்கிழமை நான் ஓமெண்டு சொல்லட்டோ, இல்லையெண்டு சொல்லட்டோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ.

– சித்திரை வரைக்கும் பொறும். நான் வாக்குத் தாறன்.

– கிருசாந்தன்.

– என்ன இது, பேர் சொல்லிக் கூப்பிடுறீர்?

– ஆர் சின்னராசா?

– எந்தச் சின்னராசா?

– 'மரண அறிவித்தல். வவுனியா தோணிக்கல், மூண்டாம் ஒழுங்கையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாற்காரர் சின்னராசா அவர்கள் நேற்றுக் காலமானார்.' பத்து நாளைக்கு முதல், புதன்கிழமை. நீங்கள் 'சுவர் போடும், சுவர் போடும்' எண்டு கத்திக்கொண்டிருக்கேக்க உங்கட மைக்குள்ளால ஓட்டோ போச்சுது. ஸ்பீக்கர் கட்டின ஓட்டோ.

– அது உம்மட பக்கத்தால கேட்டிருக்கும்.

– மல்லாவியில அண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை.

– வினோ, ஆள் வாறான். கதவைச் சாத்தும்.

– சாத்தமாட்டன். பிரான்சில செத்த வீட்டுக்கு ஓட்டோவில சொல்லிக்கொண்டு போறவையோ?

– சிலவேளை இஞ்ச தமிழாக்கள் கூட இருக்கிற இடங்களில...

– என்னை விசரி எண்டு நினைக்காதேங்கோ! நான் அடுத்தநாள் அந்தச் செத்த வீட்டுக்குப் போனனான்.

– எங்க?

– தோணிக்கலுக்கு. டொக்டரிட்டப் பல்லுக் காட்டப் போறன் எண்டு மாமிட்டச் சொல்லிப்போட்டு, மாங்குளத்தில பஸ் மாறிப் போனனான். ஒருத்தரையும் தெரியாது. பொம்பிளையளுக்குள்ள போய் இருந்தன். கமலேஸ்வரி எண்டு ஒரு அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவா. நான் அழுதுகொண்டிருந்தன். சின்னராசா எனக்கு என்ன முறை எண்டு கேட்டவா. நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு வேற அழுகை.

– வினோ...

– கதைக்காதேங்கோ, நான் முடிக்கிறன். அவாட்டக் கேட்டன், இஞ்ச புதுசா ஆரும் பொடியன் அறை எடுத்து இருக்கிறானோ எண்டு. அவா சிரிச்சவா. 'எங்கட வீட்டுக்குப் பின்னால ஒருத்தன் கிடக்கிறான் பிள்ளை. பகலில வெளியால தலை காட்டமாட்டான். நாள் முழுக்க ஆருக்கோ போனில சுவரைப் போடு, கூரையைப் போடு எண்டு கத்துறான். மேசன்மாரை வைச்சு வேலை வாங்குற பெரிய கொந்திராத்துக்காரன் எண்டு நினைச்சம்' எண்டவா.

– நான் கத்தினது அங்கால கேட்டதோ?

– செத்த வீட்டில இருந்துகொண்டு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. பிறகுதான் நெஞ்சுக்குள்ள குத்தினது. அந்த மேசன் நான்தானே.

– போன புரட்டாசியில பிடிச்சு பிளேனில ஏத்திவிட்டவங்கள் வினோ. அகதிக் கேசு தோத்திட்டுது. கட்டுநாயக்காவில ஒரு பையோட இறங்கினனான்.

– பிறகு?

– வீட்டுக்குத்தான் வெளிக்கிட்டனான். சத்தியமா. மாங்குளம் வரைக்கும் வந்திட்டன். மல்லாவி பஸ் நிக்குது, ஏறினால் ஒரு மணித்தியாலம். அம்மா படலைக்கு ஓடிவந்து 'மருமகளைக் கூட்டிக்கொண்டு போக வந்திட்டியோ ராசா' எண்டு கேப்பா எண்டு நினைச்சன். கால் ஏறேல்லை. திரும்பி வவுனியா பஸ்ஸில ஏறிட்டன். அஸ்வர் என்னோட படிச்சவன், இஞ்ச பேக்கரி வைச்சிருக்கிறான். இரவில அவனிட்டப் பாண் போடுறன். பகலில இதுக்குள்ள.

– அப்ப பேக்கரி வேலை மட்டும் உண்மை.

– ஓம். அது மட்டும் உண்மை.

– எனக்கு எரியுது. நீங்கள் ரெண்டு மணித்தியாலத் தூரத்தில படுத்திருக்க, நான் பாரிஸ் நேரத்தைக் கணக்குப் பாத்துக்கொண்டு முழிச்சிருந்தனான். குளிருக்கு என்ன செய்வாரோ எண்டு நேத்தி வைச்சனான். அதைவிட எரியிறது என்னெண்டால், இந்தப் பத்து நாளும் நான் சுத்திச் சுத்திக் கேட்டன். இண்டைக்கும் கேட்டன். கேக்கக் கேக்க நீங்கள் சுவர்தானே போட்டனீங்கள்.

– சொல்ல வாய் வரேல்லை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு ஆறு மாசம் போச்சு. இப்ப வெளியால வர எனக்கு முகமில்லை.

– திங்கட்கிழமை நான் வேலைக்குப் போறன். கேக்கேல்லை, சொல்லுறன்.

– போம். நல்லது. போகத்தான் வேணும். அம்மாட்ட மட்டும் இப்ப சொல்லாதையும்.

– பிறகு நீங்கள் இதுக்குள்ளயே கிடக்கப் போறீங்களோ?

– வேற என்ன செய்ய?

– வட்டம் சுருங்கினாப்பிறகும் பெட்டிக்குள்ள குந்திக்கொண்டு இருந்தால் தன்ரபாட்டில சாகிறதுதான் எண்டு இப்ப ஆர் சொன்னது?

– அது விளையாட்டு வினோ.

– ஹெட்செட்டைக் கழட்டுங்கோ.

– என்னத்துக்கு?

– கழட்டிப்போட்டு, என்ர குரல் எந்தப் பக்கத்தால வருது எண்டு கேளுங்கோ.

– வினோ? வினோ! நீர் கதவடியிலயே நிக்கிறீர்?

– கமலேஸ்வரி அக்கான்ர வேலிக்கரையிலதான் இவ்வளவு நேரமும் கதிரை போட்டுக்கொண்டு இருந்தனான். இப்ப வேலியில இருக்கிற பொட்டுக்குள்ளால நுழைஞ்சு உங்கால வந்திட்டன். கதவைத் திறவுங்கோ.

– ஏலாது. வெளியால பூட்டு. நான்தான் அஸ்வரைப் பூட்டச் சொன்னனான், ஆரும் வந்தால் பூட்டைக் கண்டிட்டு ஆளில்லை எண்டு போகட்டும் எண்டு. பூட்டின்ர திறப்பும் அவன்ர கையில. பொழுதுபட்டுத்தான் வருவான்.

– பூட்டைக் கண்டனான். அண்டைக்கும் கண்டிட்டுத்தான், ஆளில்லை எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி பஸ் ஏறினனான்.

– அப்ப இண்டைக்கும் போம் வினோ. உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன். நான் ஒரு நாளைக்கு வாறன்.

– இண்டைக்கு அக்காட்டக் கோடாலி வாங்கிக்கொண்டு வந்தனான். தள்ளி நில்லுங்கோ.