தாழ்மையைப் பற்றிப் பதினைந்து நிமிடம்

— பெட்டி மூடுறதுக்கு முன்னால நீங்க சொல்லிரணும் பாஸ்டர். நான் கேக்குறது அவ்வளவுதான்.

— முத்தம்மாக்கா, கொஞ்சம் மெதுவா... வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க.

— அவங்களுக்குக் கேக்கணும்னுதானே சொல்றேன்.

— சமையக்கட்டுல நின்னுக்கிட்டுப் பேசுற விசயமா இது? அண்ணன முன்னறையில கெடத்தியிருக்கு...

— முப்பத்தெட்டு வருசம் கூட இருந்த மனுசன். எங்க கெடக்குறாருன்னு எனக்குத் தெரியும் லா. நீங்க போயி பெட்டி பக்கத்துல நின்னு, ‘உடையப்பனுக்கு நான் சொன்ன வாக்கு ஆண்டவர் சொன்னது இல்ல, நானா சொன்னது’ன்னு சொல்லுங்க. ஒரு வரி.

— ஒரு வரியா... நான் பிரசங்கமே தயார் பண்ணிட்டு வந்திருக்கேன்க்கா. தீர்க்கதரிசிகளின் தாழ்மை. பதினஞ்சு நிமிசந்தான். ஏசாயா, எரேமியா, ஆமோஸ். மூனு பேரு, மூனு குறிப்பு.

— தாழ்மையா.

— ஆமா.

— சாவு அறிவிப்ப யாரு செஞ்சா? வாட்ஸ்அப்புல வந்துச்சே.

— சபை மீடியா டீம்... ஏன்?

— அவரு மொகம் தபால்தலை அளவு. உங்க மொகம் பூசணிக்கா அளவு. ‘தீர்க்கதரிசி டாக்டர் தனேஸ்வரன்’னு தங்க எழுத்து. சித்தியவான்லேருந்து என் தங்கச்சி போன் பண்ணி, பாஸ்டர் எப்படி எறந்தாருன்னு அழுவுறா.

— ...அது பசங்க பண்ண தப்பு. கண்டிக்கிறேன்.

— டாக்டர்னு வேற போட்டிருக்கு. அந்த டாக்டரு காலுக்குப் பாப்பாரா?

— அக்கா...

— சரி, பிரசங்கத்துக்கு வாங்க. ஏசாயா என்ன செஞ்சாரு?

— ஆண்டவரக் கண்டதும், ஐயோ என் உதடு அசுத்தமாச்சேன்னு நடுங்குனாரு. எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி... தன் வாயையே நம்பல பாருங்க.

— வாய நம்பல. நல்லா இருக்கு. சக்கர நோயில அழுகுன கால் வெரல் ரெண்ட எடுத்தா ஆளு பொழச்சிக்குவாருன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. தேதி கூட குடுத்துட்டாங்க. அந்த ஞாயித்துக்கெழம நீங்க ஈப்போ சபையில எரநூறு பேரு முன்னால இவர எழுப்பி நிக்க வச்சி, மைக்கப் புடிச்சிக்கிட்டு, ‘இந்தக் கால்ல கத்தி படாதுன்னு ஆண்டவர் சொல்றாரு’ன்னீங்க. அது எந்த வாய்?

— அபிஷேகத்துல வந்த வார்த்தைக்கா அது.

— கத்தி படல. நெசந்தான். பத்து வெரலும் முழுசாத்தான் பெட்டியில இருக்கு. சரி, ரெண்டாவது எரேமியாவா?

— விடுங்கக்கா.

— அவரு காலத்துல ஒருத்தன், ரெண்டே வருசத்துல எல்லாம் சரியாயிரும், ஆண்டவர் சொல்லிட்டாருன்னு ஊரு முன்னால நின்னு சொன்னானே. அவன் பேரு என்ன...

— அனனியா.

— அவனுக்கு என்ன ஆச்சு?

— அதே வருசம்... செத்துப்போனான்.

— எங்க வீட்டுல ஆளு மாறிப்போச்சு.

— இப்படிக் குத்தாதீங்கக்கா. அண்ணன் மேல எனக்குப் பாசம் இல்லையா?

— இருந்துச்சு. அதனாலதான் நம்புனாரு. ஆமோசப் பத்தி வெரல வச்சி எழுத்துக்கூட்டிப் படிப்பாரு. ‘நாம ஒட்டுப்பால் பொறுக்குன மாதிரி இந்த ஆளு காட்டுல அத்திப்பழம் பொறுக்கியிருக்காரு புள்ள. நான் தீர்க்கதரிசியே இல்ல, மாடு மேய்க்கிறவன்னு ராஜா ஆளுகிட்டயே சொல்லியிருக்காரு’ன்னு சிரிப்பாரு. முப்பது வருசம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன ஆளு... ஆமோசு அவருக்கு ஒறவுக்காரரு மாதிரி.

— அது என் மூனாவது குறிப்பு.

— குறிப்பு இருக்கட்டும். சொல்லப்போறீங்களா, இல்லையா?

— சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அடுத்த மாசம் பெரிய கூட்டம். மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. என் வார்த்தைய நம்பி மாத்திரைய நிறுத்துனவங்களே பத்துப் பேருக்கு மேல இருக்காங்க. அவங்க விசுவாசம் என்ன ஆவுறது?

— அவங்க காலு என்ன ஆவுறது? அதுக்குத்தான் கேக்குறேன் பாஸ்டர். எனக்கு இனிமே என்ன கெடக்கு. அங்க பாருங்க, கூடாரத்துக்கு அடியில தர்மா உக்காந்திருக்கான், கணுக்கால்ல துணியச் சுத்திக்கிட்டு. போன வாரந்தான் கிளினிக் அட்டையக் கிழிச்சிப் போட்டானாம். நாப்பத்தஞ்சு வயசு. ரெண்டு புள்ளைங்க பள்ளிக்கூடம் போவுது.

— தர்மாகிட்ட நான் தனியா பேசிக்கிறேன்.

— வாக்குச் சொன்னப்ப தனியாவா சொன்னீங்க?

— இல்லக்கா, கேளுங்க... ‘உடையப்பன் அண்ணன் விசுவாசத்துல உறுதியா நின்னாரு, பூரண சுகம் பரலோகத்துல கெடச்சிருச்சு’ன்னு சொல்றேன். அது பொய் இல்லையே.

— வெளிய உக்காந்திருக்கிறவன் அதக் கேட்டுட்டு மாத்திர போடுவானா?

— எல்லாப் பழியையும் என் தலையில போடுறீங்க. நான் ஒன்னும் அண்ணனக் கட்டிப்போடலையே. வலிச்சா போயி காட்டியிருக்கலாம் லா. யாரு தடுத்தா?

— போனாரு.

— ...எப்ப?

— மூனு வாரத்துக்கு முன்னால, ஒரு புதன்கெழம. வலி தாங்கல. ‘காட்டிட்டு வந்துர்றேன், யார்கிட்டயும் சொல்லாத’ன்னு, செருப்பு நொழையாத காலுல துணியக் கட்டிக்கிட்டுப் போனாரு. மத்தியானம் திரும்பி வந்தாரு. மருந்தும் இல்ல, கட்டும் மாத்தல. செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டாரு.

— பாத்தீங்களா... வாசல் வரைக்கும் போனவர விசுவாசம் திருப்பிருச்சு. இத ஒரு சாட்சியா சொல்லலாம்க்கா. நீங்க சரின்னு சொன்னா...

— விசுவாசம் திருப்பல. நீங்கதான் திருப்புனீங்க.

— நானா? நான் அந்தப் புதன்கெழம இந்தச் சுங்காய் பக்கமே வரல. அன்னைக்கு காம்பார்ல ஜெபக்கூட்டம். மாசாமாசம் நடக்குது. யார வேணும்னாலும் கேளுங்க.

— யாரையும் கேக்க வேணாம். சுங்காய்ல காட்டுனா உங்க காதுக்கு வந்துரும்னு அவரும் காம்பாருக்குத்தான் பஸ் ஏறுனாரு. கிளினிக்குல நொழைஞ்சா, முன் வரிசையில நீங்க உக்காந்திருந்தீங்களாம். உங்க நம்பரக் கூப்பிட்டாங்களாம். ஜன்னல்ல இன்சுலின் ஊசிய வாங்கிப் பையில போட்டீங்களாம். இவரு வாசலோட திரும்பிட்டாரு. மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் சொன்னாரு. அவ்வளவு தூரம் போயி நம்பர்கூட எடுக்காம ஏன் வந்தீங்கன்னு சண்ட போட்டேன். ‘பாஸ்டர் என்னப் பாத்திருந்தா கூசிப்போயிருப்பாரு புள்ள, பாவம்’ன்னாரு.